கைடு கச்சிதமாக உட்கார்ந்தும் துளையிடல் நிறுத்தப்பட்டது: கீழ்க் கடைவாய்ப்பல் இம்ப்ளாண்ட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஐம்பதுகளின் நடுவில் இருக்கும் பெண். கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல், அதாவது எஃப்டிஐ எண்முறையில் 46 (4 என்பது வலக் கீழ்ப் பகுதி, 6 என்பது நடுவிலிருந்து ஆறாவது பல்), வேர் நெடுக விண்டுபோனதால் ஆறு மாதங்களுக்கு முன் எடுக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னுள்ள 45, பின்னுள்ள 47 இரண்டிலும் உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய பழைய கிரவுன்கள் (பல் உறைகள்). மேல்தாடையில் 17இலும் முழு உலோகக் கிரவுன். இரண்டாம் வகை நீரிழிவு உண்டு, மூன்று மாத சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.8 சதவீதம். புகைப்பழக்கம் இல்லை. முன்பற்களுக்கு இடையே அளந்தால் வாய் 38 மி.மீ. திறந்தது.

இருபுறமும் ஏற்கெனவே கிரவுன் இருப்பதால் பாலம் கட்டுவதே எளிது என்ற வாதம் நியாயமானது. அது நோயாளியிடமும் சொல்லப்பட்டது. ஆனால் 45 வேர் சிகிச்சை செய்து உள்ளே போஸ்ட் என்னும் தாங்குதண்டு வைத்த பல். ஒரு கடைவாய்ப்பல்லின் மெல்லும் சுமையை அதன் தோளில் கூடுதலாக ஏற்றினால் அடுத்து விண்டுபோவது அதுவாகத்தான் இருக்கும். இரண்டு வழிகளின் நன்மை தீமைகளையும் கேட்டபின் நோயாளி எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்ப்ளாண்ட்டைத் தேர்ந்தெடுத்தார். கீழ்த்தாடை நரம்பு பக்கத்தில் ஓடுவதாலும், நாக்குப் பக்கத்து எலும்பில் உட்குழிவு இருப்பது கையால் தடவிப் பார்க்கும்போதே தெரிந்ததாலும், கணினியில் திட்டமிட்டு, பற்களின் மேல் உட்கார்ந்து டிரில்லுக்கு வழிகாட்டும் அச்சிட்ட சர்ஜிக்கல் கைடு வழியாகத் துளையிடுவது என்று முடிவாயிற்று.

முதல் பதிவுகள்

இந்த முறைக்கு இரண்டு பதிவுகள் வேண்டும். எலும்பையும் நரம்புக் குழாயையும் சிபிசிடி எனும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் காட்டும். பற்களின், ஈறின் மேற்பரப்பை வாய்க்குள் செலுத்தும் ஒளி ஸ்கேனர் காட்டும். ஒளி ஸ்கேனர் புதிதல்ல. 1985இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் மோர்மானும் பிராண்டஸ்டினியும் நாற்காலியருகிலேயே பல்லை ஸ்கேன் செய்து, பீங்கானைக் கடைந்து பொருத்தினார்கள். அன்றிலிருந்து வேகமும் துல்லியமும் எவ்வளவோ கூடியிருக்கின்றன. ஆனாலும் ஒளி படும் மேற்பரப்பை மட்டுமே அது பதிவு செய்யும். ஈறுக்கு அடியில் எலும்பு எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் இரண்டு கோப்புகளையும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை பற்கள் மட்டுமே. அவற்றை அடையாளமாக வைத்தே இணைப்பு நடக்கிறது.

சிபிசிடி வெளியே ஒரு படமெடுக்கும் மையத்தில் எடுக்கப்பட்டது. பரிந்துரைச் சீட்டில் இருந்தது ஒரே வரி: 46 பகுதி, இம்ப்ளாண்ட்டுக்காக. மையம் 5க்கு 5 செ.மீ. பரப்பைத் தேர்ந்தது, வாக்செல் (படத்தின் மிகச் சிறிய கனக்கூறு) 0.2 மி.மீ. பற்களைக் கடித்துக்கொண்ட நிலையில் படம் எடுக்கப்பட்டது. கதிர்வீச்சைக் குறைவாக வைக்கும் நோக்கில் பார்த்தால் சிறிய பரப்பைத் தேர்ந்தது சரியான முடிவே. எலும்பை அளக்க அந்தப் படமே போதும். அதை வேறொரு கோப்போடு இணைக்கப் போகிறார்கள் என்பது சீட்டில் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் மையம் வேறு விதமாக எடுத்திருக்கக்கூடும்.

ஒளி ஸ்கேன் மருத்துவமனையிலேயே எடுக்கப்பட்டது: கீழ் வரிசை முழுவதும், மேல் வரிசை, கடி. 46 இருந்த இடத்தில் ஈறு நன்கு ஆறி, திண்மையாக இருந்தது. அந்த மேட்டை எச்சில் தேங்காமல் காற்றடித்து உலர்த்தி, இருமுறை ஸ்கேன் செய்து குறையின்றிப் பதிவு செய்தார்கள்.

முதல் திட்டம்

குறுக்குவெட்டுப் படங்களில் எலும்பு முகட்டிலிருந்து நரம்புக் குழாயின் மேல் விளிம்புவரை 13.5 மி.மீ. இருந்தது. முகட்டுக்கு 2 மி.மீ. கீழே எலும்பின் அகலம் 7.5 மி.மீ. நாக்குப் பக்க உட்குழிவு முகட்டிலிருந்து சுமார் 10 மி.மீ. ஆழத்தில் தொடங்கியது. 45க்கும் 47க்கும் இடையே இடைவெளி 10.5 மி.மீ.

4.3 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. நீளமும் கொண்ட இம்ப்ளாண்ட், முகட்டுக்கு அரை மி.மீ. கீழே அமரும்படி திட்டமிடப்பட்டது. இருபுறமும் 1.6 மி.மீ. எலும்பு மிஞ்சும், இம்ப்ளாண்ட்டின் நுனிக்கும் நரம்புக் குழாய்க்கும் இடையே 3 மி.மீ. இருக்கும். குறைந்தது 2 மி.மீ. விட வேண்டும் என்ற வழக்கமான வரம்பைவிட இது கூடுதல். ஆனால் இந்த 3 மி.மீ.யில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டுமே இருப்பது. இந்த அமைப்பில் டிரில்லின் கூர்நுனி இம்ப்ளாண்ட் நீளத்தைவிட 0.7 மி.மீ. கூடுதலாக இறங்கும். ஆக துளைக்கும் குழாய்க்கும் இடையே உண்மையில் இருக்கப்போவது 2.3.

இணைப்பில் 43, 44, 47 ஆகிய மூன்று பற்களில் புள்ளிகள் வைக்கப்பட்டு, பிறகு மென்பொருளின் தானியங்கிப் பொருத்தம் ஓட்டப்பட்டது. மேற்பரப்புகளுக்கு இடையிலான சராசரி விலகல் 0.25 மி.மீ. என்று திரை காட்டியது. எல்லாம் பச்சை நிறம். ஈறைக் கீறாமல், வட்டமாக வெட்டியெடுத்துத் துளையிடுவதாகத் திட்டம்.

கைடு தயாரிப்பு

கைடு 43 முதல் 47 வரை பற்களைத் தாங்கலாகக் கொண்டது; கனம் 3 மி.மீ., பல்லுக்கும் கைடுக்கும் இடையே 0.1 மி.மீ. இடைவெளி. அது முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க 44இன் முனையிலும் 47இன் பின் முனையிலும் சன்னல்கள். அறுவைக்கென்று அனுமதிக்கப்பட்ட ரெசினில், 50 மைக்ரான் அடுக்குகளாக அச்சிடப்பட்டது. பல்லைத் தொடும் உட்பரப்பில் தாங்குகால்கள் வராதபடி திருப்பி வைப்பதுதான் இதில் முக்கியம். ஒரு தாங்குகாலின் வேர் அங்கே மிஞ்சினாலும் கைடு தூக்கிக்கொள்ளும். ஆல்கஹாலில் இரு முறை கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே புற ஊதா ஒளியில் இறுக்கப்பட்டது. ஈரம் காயுமுன் இறுக்கினால் மேற்பரப்பு பிசுபிசுக்கும், வடிவமும் லேசாக நெளியும். டிரில் நுழையும் உலோக வளையமான ஸ்லீவைப் பொருத்தி, ரெசின் தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையில் ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமிநீக்கம் செய்யப்பட்டது. அச்சிட்ட மாதிரியில் வைத்துப் பார்த்தபோது ஆட்டமில்லை.

அறுவை நாளில் கண்டது

நோயாளி அறுவைக்கு ஒரு மணி நேரம் முன் 2 கிராம் அமாக்சிசிலின் எடுத்திருந்தார். 46 பகுதியில் மரப்பூசி போடப்பட்டது. கைடு வாயில் வைக்கப்பட்டதும் இரண்டு சன்னல்களிலும் பல்முனை கைடின் விளிம்போடு ஒட்டி நின்றது. விரலால் எந்த மூலையை அழுத்தினாலும் எதிர்மூலை எழும்பவில்லை. பார்த்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

துளையிடுமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனை மீதமிருந்தது: ஈறின் கனத்தை எலும்புவரை குத்தி அளப்பது. வேர் சிகிச்சைக்குப் பயன்படும் 25ஆம் எண் ஃபைல் ஒன்றில் ரப்பர் வளையத்தை மாட்டி, ஈறுக்குச் செங்குத்தாக எலும்பில் முட்டும்வரை இறக்கி, வளையத்தை ஈறின் மேற்பரப்புக்குத் தள்ளி, வெளியே எடுத்து காலிப்பரில் அளப்பார்கள். அரை நிமிட வேலை. முகட்டின் மேல் மூன்று இடங்களில் அளந்தார்கள். 45 பக்கம் 1.7 மி.மீ.; நடுவில் 1.8, 47 பக்கம் 1.8. அதே இடங்களில் திட்டக் கோப்பு காட்டிய ஈறு கனம் 3.0, 3.4, 3.7.

அளவில் வேறுபாடு என்பதோடு, வேறுபாட்டுக்கு ஓர் ஒழுங்கும் இருந்தது: 1.3, 1.6, 1.9. பின்னே போகப் போகக் கூடுகிறது. அளப்பதில் கை தவறியிருந்தால் இப்படி ஒரே சீராக ஏறாது.

காரணம் தேடியது

நான்கு சாத்தியங்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டன.

மரப்பூசி காரணமாக இருக்குமா? ஊசிமருந்து ஈறை உப்ப வைக்கும். அப்படியானால் வாயில் அளந்த கனம் கூடியிருக்க வேண்டும். இங்கே குறைந்திருக்கிறது. மருந்தின் வீக்கத்தையும் கணக்கில் எடுத்தால் உண்மையான வேறுபாடு இன்னும் பெரிதாகத்தான் இருக்கும்.

ஸ்கேனுக்கும் அறுவைக்கும் இடையில் ஈறு சுருங்கிவிட்டதா? அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் ஒளி ஸ்கேன் செய்து பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. பற்களை வைத்துப் பொருத்தியபோது ஈறு மேட்டில் 0.1 மி.மீ. அளவே வேறுபாடு. ஈறு மாறவில்லை என்பதோடு முதல் ஒளி ஸ்கேனும் சரியானது என்பது உறுதியாயிற்று.

கைடு தவறாக அச்சாகியதா? அப்படியானால் அது இவ்வளவு சரியாக உட்கார்ந்திருக்காது.

மிஞ்சியது கோப்பு இணைப்பு. நோயாளியை உட்கார வைத்துவிட்டு பக்கத்து அறையில் திட்டக் கோப்பைத் திறந்து, முப்பரிமாணப் படத்தை அணைத்து, குறுக்குவெட்டுகளை 43இலிருந்து 47வரை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்கள். 43இல் ஒளி ஸ்கேனின் வெளிக்கோடு பல்லின் நிழலோடு ஏறக்குறைய ஒட்டி, 0.2 மி.மீ. மேலே நின்றது. பின்னே போகப் போக அது உயர்ந்துகொண்டே வந்தது. 46இல் 1.6, 47இல் 2.2 மி.மீ. முழு வரிசையும் 43 பக்கத்தை அச்சாகக் கொண்டு ஏறக்குறைய மூன்றரை டிகிரி பின்பக்கம் தூக்கியிருந்தது.

ஏன் தூக்கியது என்பதற்கும் விடை அந்தப் படத்திலேயே இருந்தது. சிபிசிடியில் அடர்ந்த உலோகம் கதிரை உறிஞ்சிவிடுகிறது. அதனால் கிரவுனைச் சுற்றி வெண்மை உப்பித் தெரியும். கதிர் கிடைமட்டமாகச் சுற்றுவதால் பற்களின் மட்டத்தில் கீற்றுகளும் பரவும். இங்கே நோயாளி பற்களைக் கடித்திருந்தார். 47இன் கிரவுனும் அதன் மேலே இருந்த 17இன் கிரவுனும் ஒரே வெள்ளைக் கட்டியாகக் கலந்துவிட்டன. 47இன் முனை என்று நினைத்து வைத்த புள்ளி அந்தக் கட்டியின் மேல்பகுதியில், உண்மையான முனைக்கு மேலே விழுந்திருந்தது. படத்தின் பரப்பு வலப்பக்கம் மட்டும் என்பதால், உலோகமற்ற தெளிவான பற்கள் 43, 44 மட்டுமே. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பற்களை வைத்து 20 மி.மீ. தள்ளியிருக்கும் இடத்தின் சாய்வைத் தீர்மானிக்க முடியாது.

அப்படியானால் 0.25 என்று பச்சையில் காட்டியது எதை? மென்பொருள் சிபிசிடியிலிருந்து ஒரு மேற்பரப்பைப் பிரித்தெடுத்து, அதோடு ஒளி ஸ்கேனை ஒப்பிடுகிறது. அந்த மேற்பரப்பிலேயே உப்பிய உலோகமும் சேர்ந்திருந்தது. தானியங்கிப் பொருத்தம் உப்பலோடு சேர்த்தே ஒத்துப்போக முயன்றது, ஒத்தும் போனது. உப்பிய படத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதையே அந்த எண் சொன்னது. எலும்பு எங்கே என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை.

கைடு நன்றாக உட்கார்ந்ததும் இதே காரணத்தால்தான் ஏமாற்றியது. கைடு ஒளி ஸ்கேனிலிருந்து பிறந்தது, பல்லில் உட்காருகிறது. ஸ்கேனரும் அச்சு இயந்திரமும் ஒழுங்காக வேலை செய்தால் கைடு உட்கார்ந்தே தீரும், கோப்பு இணைப்பு எவ்வளவு கோணலாக இருந்தாலும். சன்னல்கள் பார்ப்பது ஒரு சோதனை. எலும்பைத் தொட்டுப் பார்ப்பது வேறொரு சோதனை. முதலாவது இரண்டாவதற்கு மாற்றல்ல.

துளையிட்டிருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடப்பட்டது. ஒளி ஸ்கேன் எலும்பிலிருந்து உண்மையைவிட 1.6 மி.மீ. கூடுதல் உயரத்தில் இருப்பதாகத் திட்டம் நம்பியது. உண்மையில் எலும்பு ஸ்லீவுக்கு அந்த அளவு நெருக்கமாக இருக்கிறது. ஆகவே டிரில் அந்த அளவு ஆழமாக எலும்பில் இறங்கும். 2.3 மி.மீ. என்று வைத்திருந்த இடைவெளி 0.7 ஆகிவிடும். கணினி வழிகாட்டிய இம்ப்ளாண்ட்களில் பதிவான சராசரி விலகல் தொடக்கப் புள்ளியில் சுமார் 1.2 மி.மீ., நுனியில் சுமார் 1.4 மி.மீ., கோணத்தில் 3.5 டிகிரி. எல்லாம் சரியாக நடக்கும்போதே வரும் விலகல் இது. 0.7 மி.மீ. அதைத் தாங்காது.

அன்றைய முடிவு

மூன்று வழிகள் இருந்தன. கைடை ஒதுக்கிவிட்டு, சிபிசிடியில் எடுத்த எலும்பு அளவுகளை வைத்துக் கையாலேயே துளையிடலாம். அல்லது அதே கைடில் ஆழத்தை மட்டும் 2 மி.மீ. குறைத்துத் தொடரலாம். அல்லது நிறுத்தலாம்.

ஆழத்தைக் குறைப்பது கவர்ச்சியான யோசனை. பலர் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இங்கே பிழை ஆழத்தில் மட்டும் இல்லை, சாய்விலும் இருந்தது. சாய்ந்த துளையை ஆழம் குறைத்துச் சரிசெய்ய முடியாது. முன்பின் சாய்வை அளந்தாயிற்று. நாக்குப் பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அந்தப் படத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உட்குழிவு இருப்பதும் அந்தப் பக்கம்தான். நாக்குப் பக்கத்து எலும்புத் தகடு துளைபட்டால் வாயின் தரைப்பகுதியில் இரத்தக்கசிவு ஏற்பட்டு மூச்சுப்பாதையையே நெருக்கக்கூடும்.

கையால் துளையிடுவது அனுபவமுள்ளவருக்கு முடியாத காரியமல்ல. அன்று அதைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் வேறு: நோயாளி ஒப்புக்கொண்டது கைடு வழியான அறுவைக்கு. மரப்பூசி போட்டபின், நாற்காலியில் சாய்த்து வைத்துக்கொண்டு, முறையை மாற்றச் சம்மதம் கேட்பது சம்மதமாகாது. அவசரமும் இல்லை. பல் இல்லாமல் ஆறு மாதம் இருந்தவருக்கு இன்னும் மூன்று வாரம் பெரிதல்ல.

நிறுத்தப்பட்டது. என்ன கண்டோம், ஏன் நிறுத்துகிறோம் என்பது குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டியே நோயாளிக்கு விளக்கப்பட்டது. இன்னொரு சிபிசிடி தேவை, அதன் கதிர்வீச்சு கூடுதல் என்பதும் மறைக்கப்படவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி ஒரு வேளை வீணாயிற்று, அடுத்த முறை மீண்டும் எடுக்க வேண்டும் என்பதும் சொல்லப்பட்டது. அவர் கேட்ட ஒரே கேள்வி, முதல் படம் எதற்கும் உதவாதா என்பது. எலும்பு அளவுகளுக்கு அது முழுதாக உதவும், 13.5 மி.மீ. என்ற எண்ணில் பிழையில்லை, அந்த எலும்புக்கும் பற்களுக்கும் உள்ள உறவில்தான் பிழை என்று பதில் தரப்பட்டது.

இரண்டாம் பதிவு

இம்முறை உலோகத்தை நம்ப வேண்டியில்லாத ஏற்பாடு. ஒளி ஸ்கேனை வைத்துக் கீழ் வரிசை முழுவதையும் மூடும் தகடு ஒன்று அச்சிடப்பட்டது. அதில் 2 மி.மீ. விட்டமுள்ள ஆறு குழிகள், வேர் சிகிச்சையில் பயன்படும் கட்டா பெர்ச்சாவால் நிரப்பப்பட்டன. எக்ஸ்ரேயில் அவை புள்ளிகளாகத் தெரியும். ஆறும் ஒரே மட்டத்தில் இல்லை. வலமும் இடமும், உயரமும் தாழ்வுமாகப் பரப்பப்பட்டன. வலப்பக்கத்துக் குழிகள் கிரவுன்களின் மட்டத்துக்குக் கீழே, ஈறு ஓரமாக இறக்கி வைக்கப்பட்டன. கீற்றுகள் கிடைமட்டமாக ஓடுவதால் அவற்றின் பாதையிலிருந்து விலகி நிற்கவே இந்த ஏற்பாடு.

படமெடுக்கும் மையத்துக்கு இம்முறை ஒரு பக்கக் குறிப்பு போனது: பரப்பு 8க்கு 5 செ.மீ., கீழ் வரிசை முழுவதும், வாக்செல் 0.2, தகடு வாயில் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும், மேல் பற்கள் தகட்டைத் தொடாதபடி இடப்பக்கம் பஞ்சுச் சுருள் கடிக்க வேண்டும், கடிக்கும் தளம் தரைக்கு இணையாக, எடுக்கும்போது எச்சில் விழுங்கக்கூடாது. கடைசி வரி சிறியதாகத் தெரியலாம். விழுங்கினால் தாடை அசையும். அசைந்த படத்தில் எலும்பின் ஓரம் இரட்டைக் கோடாக வரும். அப்படி வந்த படத்தைத் திட்டமிடலுக்கு எடுக்கவே கூடாது.

ஆறு புள்ளிகளை வைத்து இணைத்தபின், உலோகமில்லாத இடப்பக்கப் பற்களின் குறுக்குவெட்டுகளில் கோடு ஒட்டியிருக்கிறதா என்று தனியாகச் சரிபார்க்கப்பட்டது. 46இல் திட்டம் காட்டிய ஈறு கனம் முன்னிருந்து பின்னாக 1.8, 1.9, 1.9. வாயில் அளந்திருந்தது 1.7, 1.8, 1.8. இணைப்பைச் செய்தவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர்.

எலும்பில் இம்ப்ளாண்ட் அமரும் இடம் பெரிதாக மாறவில்லை. மாறியது கைடில் ஸ்லீவ் நிற்கும் இடம். ஆனாலும் நீளம் 10 மி.மீ.யிலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. இதில் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. முன்பு திட்டமிட்ட நீளத்தை ஏன் விட வேண்டும் என்று கேட்டவர் உண்டு. அடர்ந்த கீழ்த்தாடை எலும்பில், ஒற்றைப் பல்லுக்கு, அந்த 2 மி.மீ. தரும் ஆதாயம் சிறிது. நீளத்தைக் குறைத்தால் டிரில் நுனிக்கும் குழாய்க்கும் இடையே 4.3 மி.மீ. கிடைக்கும், உட்குழிவுக்கும் மேலேயே துளை முடிந்துவிடும். இந்தக் கணக்கே வென்றது.

வேறு இரண்டு மாற்றங்களும் சேர்ந்தன. முதல் கைடின் ஸ்லீவ் முழு வளையம். அதற்குரிய நீள டிரில்லை மேலிருந்து நுழைக்க, கடைவாயில் கிடைக்கும் திறப்பு போதாது என்பது அறுவை நாளில் கைடை வைத்துப் பார்த்தபோதே தெரிந்தது. 38 மி.மீ. என்பது முன்பற்களில் எடுத்த அளவு. 46இல் அது கணிசமாகக் குறையும். புதிய கைடில் ஸ்லீவ் கன்னப் பக்கம் திறந்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அடுத்தது, ஈறை வட்டமாக வெட்டுவதற்குப் பதில் முகட்டில் சிறு கீறல் போட்டு விலக்குவது. எலும்பு கண்ணுக்குத் தெரியும், குளிர்ந்த உப்புநீரும் துளைக்குள் போகும். கைடு வழியாகத் துளையிடும்போது ஸ்லீவே நீரை மறித்துவிடுகிறது. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதமாகும் என்பதால் இது அற்ப விஷயமல்ல.

அறுவை

கைடு உட்கார்ந்தது, சன்னல்கள் பார்க்கப்பட்டன, ஈறு கனம் மீண்டும் அளக்கப்பட்டது. பிறகு 2 மி.மீ. டிரில் 6 மி.மீ. ஆழம்வரை மட்டும் இறக்கப்பட்டு, துளையில் திசைக்காட்டிக் கம்பி வைத்து ஒரு சிறு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. கம்பியின் நுனிக்கும் நரம்புக் குழாய்க்கும் இடையே உள்ள தூரம் திட்டத்தோடு ஒத்தது. அதன்பின்தான் முழு ஆழம். நிமிடத்துக்கு 800 சுற்று. இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, ஒவ்வொரு முறையும் டிரில்லைத் துளையிலிருந்து வெளியே எடுத்து எலும்புத்தூளைக் கழுவி. உதவியாளர் கைடுக்கு அடியில் வளைந்த ஊசிக் குழாயால் தனியாக நீர் பாய்ச்சினார்.

இம்ப்ளாண்ட் 38 நியூட்டன் செ.மீ. முறுக்கில் நின்றது. கைடைக் கழற்றியபின் நிலைத்தன்மை அளவி நூற்றுக்கு 74, 76 காட்டியது. ஆறும்வரை இருக்கும் மூடி பொருத்தி இரண்டு தையல். மறுநாள் கீழுதட்டிலும் முகவாயிலும் பஞ்சாலும் ஊசிமுனையாலும் உணர்வு சோதிக்கப்பட்டது. இருபுறமும் ஒன்றுபோல் இருந்தது.

கிரவுன்

பன்னிரண்டு வாரம் கழித்து, இம்ப்ளாண்ட்டில் ஸ்கேன் பாடி திருகி ஒளி ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஸ்கேன் பாடி என்பது கோணமுகம் கொண்ட ஒரு சிறு தூண். அதன் முகங்களை அடையாளம் கண்டு, இம்ப்ளாண்ட் எந்த ஆழத்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்று மென்பொருள் கணக்கிடும். முதலில் திருகியபோது மேலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது; எக்ஸ்ரேயில் அடியில் மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தது. ஈறின் ஓரம் இடையில் மாட்டியிருந்தது. கழற்றி, கழுவி, மறுபடி திருகி, எக்ஸ்ரேயில் கோடு மறைந்தபின் ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் கோட்டோடு எடுத்திருந்தால் கிரவுன் அந்த அளவு தாழ்வாக வந்திருக்கும்.

இதே ஸ்கேனை வைத்துத் திட்டமிட்ட இடத்தையும் அமைந்த இடத்தையும் ஒப்பிட்டார்கள். இம்ப்ளாண்ட்டின் மேல்முனையான தோளில் 0.6 மி.மீ., நுனியில் 0.9 மி.மீ., கோணம் 2.1 டிகிரி. ஒரு எச்சரிக்கை: இது ஒளி ஸ்கேனை ஒளி ஸ்கேனோடு ஒப்பிட்ட எண். கைடு திட்டத்தை வாய்க்கு எவ்வளவு நன்றாகக் கொண்டுவந்தது என்பதை இது காட்டும். எலும்போடு உள்ள உறவை இது சோதிப்பதில்லை. முதல் கைடில் துளையிட்டிருந்தாலும் இதே போன்ற அழகான எண்கள்தான் வந்திருக்கும். எலும்பு விஷயத்தில் சான்று, அறுவை நாளில் எடுத்த எக்ஸ்ரேதான். சரிபார்க்க என்று மட்டும் மூன்றாவது சிபிசிடி எடுப்பதற்கு நியாயமில்லை.

கிரவுன் டைட்டானியம் அடித்தளத்தின் மேல் ஒட்டிய முழு சிர்கோனியா. மேலிருந்து திருகும் வகை. ஒட்டும் வேலை லேபிலேயே முடிந்ததால் ஈறுக்குள் சிமெண்ட் மிஞ்சும் தொல்லை இல்லை. முன்பக்கத் தொடுபுள்ளி இறுக்கமாக இருந்து கிரவுன் முழுதாக இறங்காததால், அதைச் சிறிது தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது. கடி சரிபார்த்தது 8 மைக்ரான் உலோகத் தாளில்: மெதுவாகக் கடிக்கும்போது பக்கத்துப் பற்கள் தாளைப் பிடிக்க வேண்டும், இம்ப்ளாண்ட் கிரவுனில் அது நழுவ வேண்டும், இறுக்கிக் கடித்தால் மட்டும் பிடிக்கலாம். இயற்கைப் பல் தன் தசைநாரில் சற்று அமிழும், இம்ப்ளாண்ட் அமிழாது. மென்பொருள் கடியை வடிவமைக்கும்போது இந்த வேறுபாட்டைத் தானாகக் கணக்கில் கொள்ளாது. லேபுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஓராண்டு கழித்து

எக்ஸ்ரேயில் முகட்டு எலும்பு இழப்பு 0.3 மி.மீ. ஈறுப் பை ஆழம் சுற்றிலும் 3 மி.மீ.க்குள்; தொட்டால் இரத்தம் இல்லை. திருகு தளரவில்லை. எச்பிஏ1சி 7.0, சுத்தம் செய்ய வரும் இடைவெளி ஆறு மாதத்திலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டது.

மாற்றப்பட்டவை

பரிந்துரைச் சீட்டு முதலில் மாறியது. எலும்பை அளக்க மட்டுமா, ஒளி ஸ்கேனோடு இணைக்கவுமா என்ற கேள்வி சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. இணைக்க என்றால் மேல், கீழ்ப் பற்கள் பிரிந்திருக்க வேண்டும். பரப்புக்குள் உலோகமில்லாத பற்கள் குறைந்தது மூன்று, ஒன்றுக்கொன்று தள்ளி, முடிந்தால் இருபுறமும் இருக்க வேண்டும். அப்படிப் பற்கள் இல்லாத வாய் என்றால் குறியிட்ட தகடு முதல் படத்திலேயே.

ஈறு கனம் அளப்பது அறுவை நாளிலிருந்து முன்னுக்கு நகர்ந்தது. ஒளி ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே மேற்பரப்பில் மரப்பு மருந்து தடவி, மூன்று இடத்தில் அளந்து, நோயாளிக் கோப்பில் எழுதிவிடுகிறார்கள். திட்டத்தை முடிப்பவர் அந்த மூன்று எண்களையும் தன் குறுக்குவெட்டோடு ஒப்பிட்டு, அரை மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் கைடை அச்சுக்கு அனுப்புவதில்லை. அறுவை நாளில் ஒருமுறை மீண்டும் அளப்பது தொடர்கிறது.

வாய் திறப்பு, சிகிச்சை செய்யும் பல்லின் இடத்திலேயே, கைடின் கனத்தையும் கணக்கில் சேர்த்து, திட்டமிடுமுன் அளக்கப்படுகிறது.

மென்பொருளின் சராசரி விலகல் எண் அறிக்கையில் இருக்கும்; ஆனால் ஒப்புதல் கையெழுத்து அதற்கல்ல. இம்ப்ளாண்ட் வரும் இடத்தின் குறுக்குவெட்டுப் படமும், அதற்கு அப்பால் வரிசையின் கடைசிப் பல்லின் குறுக்குவெட்டுப் படமும் அச்சிட்டு இணைக்கப்பட்டால்தான் இரண்டாம் ஆள் கையெழுத்திடுகிறார். சாய்வுப் பிழை முதலில் பெரிதாகத் தெரியும் இடம் அந்தக் கடைசிப் பல்தான்.